எக்ஸ்போர்ட் ஓடும்போது சிஸ்டம் அணைந்துவிடுகிறது, கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்கிறது

நாகை_ஆல்பம் எழுதியது:

வணக்கம். நாகப்பட்டினத்தில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ நடத்துகிறோம். படம் எடுப்பது என் கணவர். ஆல்பம் டிசைனும் வீடியோ எடிட்டிங்கும் என் பொறுப்பு. 2022-ல் அசெம்பிள் செய்து வாங்கிய சிஸ்டம்: இன்டெல் கோர் ஐ7 12700, பி660 மதர்போர்டு, 32 ஜிபி ராம், ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு, 650 வாட் எஸ்எம்பிஎஸ் (உள்ளே கரண்ட் கொடுக்கும் பெட்டி), இரண்டு மானிட்டர், 1 கேவிஏ யூபிஎஸ்.

கொஞ்ச நாளாக ஒரு தொல்லை. சாயங்காலம் வீடியோ எக்ஸ்போர்ட் (எடிட் செய்ததை முழு வீடியோவாக மாற்றுவது) போட்டால் பாதியில் பொட்டென்று அணைந்துவிடுகிறது. சில நேரம் தானாகவே திரும்ப வருகிறது, சில நேரம் நான்தான் பட்டனை அழுத்த வேண்டியிருக்கிறது. நீலத்திரை எதுவும் வருவதில்லை. விண்டோஸின் கோளாறு பதிவான ஈவென்ட் வியூவரில் ‘கெர்னல்-பவர் 41’ என்று சிவப்பாக நிற்கிறது. காலையில் அதே டைம்லைனைப் போட்டால் முழுசாக முடிந்துவிடுகிறது.

இன்னொன்று, வெறுங்காலோடு நின்று கேபினெட்டின் பின்பக்கத்தைத் தொட்டால் சுர்ரென்று ஏறுகிறது. எல்லா கம்ப்யூட்டரிலும் அப்படித்தான் இருக்கும் என்கிறார்கள்.

மூன்று கடையில் கேட்டோம். ஒருவர் விண்டோஸை மறுபடி போடச் சொன்னார். ஒருவர் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்றார். இன்னொருவர் போர்டையே மாற்ற வேண்டும் என்று பன்னிரண்டாயிரம் சொன்னார். ஆவணியில் முகூர்த்தம் வரிசையாக இருக்கிறது, அதற்குள் சரியாக வேண்டும். எதிலிருந்து ஆரம்பிக்கட்டும்?

கேமர்_திருவாரூர் எழுதியது:

அக்கா, சூடாக இருக்கலாம். 12700 நல்ல சூடேறும் ப்ராசஸர். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளை ஓடவிட்டு, எக்ஸ்போர்ட் போடும்போது எத்தனை டிகிரி காட்டுகிறது என்று பாருங்கள். ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் 2022-ல் வைத்த தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும், அதையும் மாற்றிவிடலாம்.

மன்னை_சர்வீஸ் எழுதியது:

தங்கச்சி, இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். போர்டு, எஸ்எம்பிஎஸ் இரண்டையும் மறந்துவிடுங்கள். மன்னார்குடியில் ஸ்டுடியோ, டிடிபி கடைகளின் சிஸ்டங்களைத்தான் வெகுகாலமாகப் பார்த்து வருகிறேன். சாயங்காலம் மட்டும் வரும் கோளாறு பெரும்பாலும் கேபினெட்டுக்கு வெளியேதான் இருக்கும். சுவரில் இருக்கும் பிளக்கிலிருந்து ஆரம்பித்து உள்ளே வர வேண்டும். நம் ஊரில் எல்லோரும் ப்ராசஸரிலிருந்து ஆரம்பித்து வெளியே வருகிறார்கள், அதனால்தான் நல்ல போர்டுகளெல்லாம் குப்பைக்குப் போகின்றன.

முதலில் அந்த 41. விண்டோஸ் முறைப்படி மூடப்படாமல் நின்றுபோனது என்பதைத் தவிர அது வேறு எதையும் சொல்லவில்லை. சுவர் சுவிட்சை நீங்களே அணைத்தாலும் அதே 41 தான் பதிவாகும். அதை வைத்து போர்டு போச்சு என்று யாரும் சொல்ல முடியாது.

சூடு பற்றித் தம்பி சொன்னது கவனிக்க வேண்டியதுதான். ஆனால் இந்த ப்ராசஸர் 100 டிகிரியைத் தொட்டதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எக்ஸ்போர்ட் இழுத்துக்கொண்டே போகும், பொட்டென்று அணையாது. கூலர் கழன்றே போயிருந்தால் வேறு கதை, அது காலையிலும் காட்டிக்கொடுத்திருக்கும்.

எனக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டும். சிஸ்டம் அணையும் அந்த நொடியில் மானிட்டரின் பவர் விளக்கைப் பாருங்கள். அதுவும் சேர்ந்து அணைகிறதா, இல்லை மானிட்டர் எரிந்துகொண்டே ‘சிக்னல் இல்லை’ என்று காட்டுகிறதா? மானிட்டர் எரிந்துகொண்டிருந்தால் கோளாறு கேபினெட்டுக்குள். மானிட்டரும் சேர்ந்து அணைந்தால் இரண்டுக்கும் பொதுவாக இருக்கும் இடத்தில், அதாவது யூபிஎஸ்ஸிலோ அதற்கு முன்னாலோ. காசில்லாத இந்தச் சோதனையை மூன்று கடையிலும் ஒருவர்கூடச் செய்யவில்லை என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இப்போது அந்த சுர். “எல்லாவற்றிலும் அப்படித்தான்” என்று யார் சொன்னாலும் தயவுசெய்து கேட்காதீர்கள். எர்த் இல்லை என்று அந்தப் பெட்டி சொல்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் கரண்ட் நுழையும் இடத்தில், பேஸிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாக இரண்டு சின்ன கெப்பாசிட்டர்கள் தகரப் பெட்டியோடு சேர்ந்திருக்கும். மின் இரைச்சலை எர்த்துக்கு அனுப்புவது அவற்றின் வேலை. எர்த் ஒயர் ஒழுங்காக இருந்தால் அந்தக் கொஞ்சூண்டு கசிவு மண்ணுக்குப் போய்விடும். ஒயர் அறுந்திருந்தால் போக வழியின்றி, கேபினெட் மொத்தமும் 230-ல் பாதியில், 110, 115 வோல்ட்டில் நிற்கும். கரண்டின் அளவு மிகச் சிறியது, அதனால் சுர்ரோடு போகிறது. ஆனால் உள்ளே எங்காவது பேஸ் ஒயர் தகரத்தில் பட்டுவிட்டால், அதை மண்ணுக்கு இழுத்து எம்சிபியை (மெயினில் தானாக அணையும் சுவிட்ச்) தட்டிவிட எர்த் இருக்காது. தரையில் வெறுங்காலோடு நிற்பவர் வழியாகத்தான் போகும். சிஸ்டம் அணைவதைவிட எனக்கு இதுதான் கவலை. இது சரியாகும்வரை செருப்புப் போட்டுக்கொண்டே உட்காருங்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். அதுவரை சிஸ்டம் ஆனில் இருக்கும்போது எச்டிஎம்ஐ கேபிளையோ பிரிண்டர் கேபிளையோ செருகிப் பிடுங்காதீர்கள். அந்தப் பாதி வோல்டேஜ் கேபிள் வழியே பாய்ந்து, கேபிள் செருகும் போர்ட்டைக் காலி செய்துவிடும்.

மல்டிமீட்டர் இருந்தால் மூன்று அளவு எடுங்கள். பழக்கமில்லை என்றால் ஒயர்மேனைக் கூப்பிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. மீட்டரை ஏசி 750-ல் வையுங்கள். சிவப்பு ஒயர் 10 ஆம்பியர் ஓட்டையில் இல்லை என்று இரண்டு முறை பாருங்கள், அங்கே செருகிச் சுவரைத் தொட்டால் மீட்டர் கையிலேயே வெடிக்கும். சாக்கெட்டை நேராகப் பார்த்தால் மேலே பெரிய ஓட்டை எர்த், வலது பேஸ், இடது நியூட்ரல். வலதுக்கும் இடதுக்கும், வலதுக்கும் மேலுக்கும், இடதுக்கும் மேலுக்கும் எவ்வளவு காட்டுகிறது? சுவர் பிளக்கில் ஒரு தடவை, சிஸ்டம் செருகியிருக்கும் எக்ஸ்டென்ஷன் பலகையில் ஒரு தடவை. எழுதிப் போடுங்கள்.

நாகை_ஆல்பம் எழுதியது:

அண்ணா, மிக்க நன்றி. நேற்று சாயங்காலம் மானிட்டரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு மானிட்டரும் சேர்ந்தே அணைகின்றன. அதற்குச் சற்று முன்னால் யூபிஎஸ்ஸில் ‘டிக் டிக்’ என்று சத்தமும் வருகிறது.

மீட்டரைக் கணவர்தான் பிடித்தார். சுவரில்: வலது-இடது 226, வலது-மேல் 219, இடது-மேல் 7. யூபிஎஸ்ஸிலிருந்து வரும் எக்ஸ்டென்ஷன் பலகையில்: 228, 117, 110.

மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுப் பலகையின் பின்மூடியைக் கழற்றினோம். உள்ளே சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று, இரண்டே ஒயர்தான் வருகிறது. மேல் ஓட்டைகளின் பித்தளைத் தகடுகளை ஒரு துண்டு பச்சை ஒயரால் ஒன்றோடொன்று சேர்த்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பச்சை வெளியே எங்கேயும் போகவில்லை. முனையை வளைத்து டேப் சுற்றி விட்டிருக்கிறார்கள்.

மன்னை_சர்வீஸ் எழுதியது:

117, 110 என்று பார்த்ததும் புரிந்துவிட்டது, நீங்கள் திறந்தே பார்த்துவிட்டீர்கள். வெளியே மூன்று ஓட்டை, உள்ளே இரண்டு ஒயர். கண்ணுக்கு எர்த் இருப்பதுபோலத் தெரியும், ஆளும் நம்பிவிடுவார். இந்தப் பலகையைச் செய்தவர்கள் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. உடனே தூக்கிப் போடுங்கள். மூன்று ஒயர் வருகிற, ஐஎஸ்ஐ முத்திரையுள்ள பலகையாக வாங்குங்கள். வாங்கியதும் மீட்டரை ஓமில் வைத்து, பிளக்கின் பெரிய பின்னுக்கும் பலகையின் மேல் ஓட்டைக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகே செருகுங்கள்.

மானிட்டரும் அணைகிறது, யூபிஎஸ் டிக் அடிக்கிறது. அப்படியென்றால் போர்டு மேலும் எஸ்எம்பிஎஸ் மேலும் இப்போது சந்தேகமே இல்லை, அந்தப் பன்னிரண்டாயிரம் உங்களிடமே இருக்கட்டும். அந்த டிக், யூபிஎஸ்ஸுக்குள் இருக்கும் ரிலே (மின்காந்த சுவிட்ச்) மாறும் சத்தம். சாயங்காலம் தெருவில் மோட்டாரும் ஏசியும் ஓடி லைன் வோல்டேஜ் இறங்கி ஏறும். இந்த வகை யூபிஎஸ் அதைத் தூக்கிக் கொடுக்க ரிலேயை மாற்றிக்கொண்டே இருக்கும். சில மாடல்கள் மாறும்போது ஒரு கணம் பேட்டரிக்குத் தாவித் திரும்பும். பேட்டரி நன்றாக இருந்தால் உங்களுக்கு எதுவும் தெரியாது. பேட்டரி செத்திருந்தால் அந்த ஒரு கணத்திலேயே எல்லாம் போய்விடும். காலையில் லைன் சீராக இருக்கிறது, அதனால் பேட்டரியின் நிலைமை வெளியே தெரிவதில்லை.

ஏன் எக்ஸ்போர்ட்டில் மட்டும் என்றால், கணக்குப் பாருங்கள். 12700 முழு வேகத்தில் 180 வாட் வரை இழுக்கும். 3060 கார்டு 170. போர்டு, ராம், டிஸ்க், விசிறி எல்லாம் சேர்ந்து ஒரு 50. இரண்டு மானிட்டருக்கு 50, 60. எஸ்எம்பிஎஸ் தன் பங்குக்கு விழுங்குவதையும் சேர்த்தால் உச்சத்தில் 500-ஐத் தொடும். 1 கேவிஏ என்று போட்டிருப்பதை 1000 வாட் என்று நினைத்துவிட வேண்டாம், பின்பக்க ஸ்டிக்கரைப் பாருங்கள், பெரும்பாலும் 600 வாட் என்றுதான் இருக்கும். ஆல்பம் டிசைன் செய்யும்போது அதில் பாதிகூட வராது, அதனால் தப்பித்துக்கொள்கிறது.

பேட்டரியைச் சோதிக்க சிஸ்டத்தைப் பணயம் வைக்காதீர்கள். எல்லாவற்றையும் சேவ் செய்து ஷட்டவுன் செய்து, யூபிஎஸ்ஸிலிருந்து கழற்றிவிடுங்கள். 100 வாட் குண்டு பல்பு இரண்டை மட்டும் யூபிஎஸ்ஸில் போட்டு, சுவர் சுவிட்சை அணையுங்கள். பத்து நிமிஷத்துக்கு மேல் எரிந்தால் பேட்டரி நல்ல பேட்டரி. சில நொடியில் போனால் விஷயம் முடிந்தது.

இன்னொரு கேள்வி. அந்தப் பலகையில் வேறு என்னென்ன செருகியிருக்கிறது? லேசர் பிரிண்டர்?

ஒயர்மேன்_பொறையாறு எழுதியது:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், எர்த்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சுவரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 7 வோல்ட் என்பது கொஞ்சம் அதிகம். இரண்டு, மூன்றுக்குள் இருக்க வேண்டும். வீட்டு எர்த் குழியைப் போய்ப் பாருங்கம்மா. கடற்கரை ஊரில் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பை உப்புத்தண்ணீர் சீக்கிரம் தின்றுவிடும். பைப் நின்றாலும் அதன் தலையில் ஒயரைப் பிடிக்கும் கிளாம்பு துருப்பிடித்துத் தொடர்பு விட்டிருக்கும். மேல்மண் வெறும் மணலாக இருந்தால் வெயிலில் காய்ந்து எர்த் பலவீனமாகிவிடும், கோடையில் குழியில் தண்ணீர் ஊற்ற வேண்டும். புதிதாகப் போடுவதென்றால் பைப் குறைந்தது இரண்டரை மீட்டர் ஆழம் இறங்க வேண்டும், சுற்றிக் கரியும் உப்பும் மாற்றி மாற்றி. காசு கொஞ்சம் கூடினாலும் செம்பு நல்லது.

ஒரு எச்சரிக்கை. எர்த் இல்லை என்று சொன்னால் சில பேர் சாக்கெட்டின் பின்னால் நியூட்ரலிலிருந்து எர்த் பின்னுக்கு ஒரு துண்டு ஒயரைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். மீட்டரில் அழகாக 0 காட்டும், சுர்ரும் நின்றுவிடும். ஆனால் என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் கேபினெட், கிரைண்டர், பிரிட்ஜ் எல்லாவற்றின் உடம்பிலும் முழு 230 ஏறி நிற்கும். அதைச் செய்ய யாரையும் விடாதீர்கள். தண்ணீர்க் குழாயில் கட்டுவதும் வேண்டாம், இப்போதெல்லாம் குழாய் பிவிசி. வீட்டு மெயின் சுவிட்ச் போர்டில், கரண்ட் கசிந்தால் உடனே அணைக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லையென்றால் இதோடு சேர்த்துப் போட்டுவிடுங்கள்.

நாகை_ஆல்பம் எழுதியது:

மன்னை அண்ணா, லேசர் பிரிண்டர் இல்லை. ஆனால் லேமினேஷன் மெஷின் அதே பலகையில்தான் இருக்கிறது! பள்ளிக்கூடம் விட்டதும் ஐடி கார்டு, சர்டிஃபிகேட் என்று பிள்ளைகள் வருவார்கள், அப்போதுதான் அதைப் போடுவோம். அந்த மெஷினின் பின்னால் 600 வாட் என்று எழுதியிருக்கிறது.

பல்பு சோதனை செய்தோம். சுவிட்சை அணைத்ததும் பல்பு ஒரு மினுக்கு மினுக்கி அணைந்துவிட்டது. யூபிஎஸ்ஸின் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டுத் திறந்தால் உள்ளே 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி இரண்டு. ஒன்று 12.6 காட்டுகிறது, இன்னொன்று 10.7. அந்த இரண்டாவதின் பக்கவாட்டுச் சுவர் வெளியே உப்பியிருக்கிறது. ஒன்றை மட்டும் மாற்றினால் போதுமா?

மன்னை_சர்வீஸ் எழுதியது:

இரண்டையும் மாற்றுங்கள். 12 வோல்ட் பேட்டரிக்குள் ஆறு செல், ஒவ்வொன்றும் இரண்டு வோல்ட்டுக்குச் சற்று மேலே. 12.6-லிருந்து ஏறக்குறைய இரண்டு வோல்ட் குறைந்து 10.7-ல் நிற்கிறது என்றால் ஒரு செல் செத்துவிட்டது. இரண்டும் வரிசையாக 24 வோல்ட்டாக இணைந்திருப்பதால், பழையதையும் புதியதையும் சேர்த்துப் போட்டால் சார்ஜ் சமமாக ஏறாது, புதியதும் சீக்கிரம் வீணாகும். ஒரே கம்பெனி, ஒரே மாதம் தயாரான இரண்டாக வாங்குங்கள். கழற்றுவதற்கு முன் ஒயர்களை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், சிவப்பு, கறுப்பு, நடுவில் இரண்டையும் இணைக்கும் துண்டு ஒயர். பழையது ஈயம், குப்பையில் போட வேண்டாம், பேட்டரிக் கடையிலேயே எடைக்கு எடுத்துக்கொள்வார்கள். நம் வெக்கையில் இந்த பேட்டரிகள் இரண்டு, மூன்று வருஷம்தான் வரும். உங்களுடையது அதன் காலத்தை முடித்துவிட்டது.

லேமினேஷன் மெஷினை இன்றே தனி 16 ஆம்பியர் பிளக்குக்கு மாற்றுங்கள். உள்ளே இருப்பது ஹீட்டர். தெர்மோஸ்டாட் விட்டு விட்டு ஆன் ஆகும். எக்ஸ்போர்ட்டின் 500-ம் ஹீட்டரின் 600-ம் ஒரே நேரத்தில் வந்தால் எந்த 1 கேவிஏ யூபிஎஸ்ஸும் தாங்காது. அயர்ன் பாக்ஸ், லேசர் பிரிண்டர், லேமினேஷன், ஃபோட்டோ ஹீட் பிரஸ் எதுவும் யூபிஎஸ் பக்கம் வரவே கூடாது.

புது பேட்டரி போட்ட பிறகும் கரண்ட் போகும் நொடியில் சிஸ்டம் மட்டும் அணைந்தால் சொல்லுங்கள். விலை குறைந்த யூபிஎஸ்கள் பேட்டரியில் ஓடும்போது படிப்படியான அலையைத்தான் கொடுக்கும், சில எஸ்எம்பிஎஸ்களுக்கு அது ஒத்துவராது. அப்போதுதான் சீரான அலை கொடுக்கும் சைன்வேவ் யூபிஎஸ் பற்றி யோசிக்க வேண்டும், இப்போது இல்லை.

நாகை_ஆல்பம் எழுதியது:

அண்ணா, பேட்டரி இரண்டும் மாற்றியாகிவிட்டது. லேமினேஷன் தனிப் பிளக்கில். மூன்று ஒயர் பலகை வந்துவிட்டது. பொறையாறு அண்ணா சொன்ன மாதிரியே எர்த் பைப்பின் தலையில் கிளாம்பு தொட்டாலே உதிர்ந்தது. ஒயர்மேன் புதிதாகப் போட்டு, ஆர்சிசிபியும் வைத்துக் கொடுத்தார். இப்போது இடது-மேல் 2 காட்டுகிறது. கேபினெட்டில் சுர் சுத்தமாக இல்லை. ஹெட்போனில் எப்போதும் கேட்கும் ‘ஊம்’ சத்தமும் போய்விட்டது. ராத்திரி எட்டு மணிக்கு முழு நீளக் கல்யாண வீடியோவை எக்ஸ்போர்ட் போட்டேன். யூபிஎஸ் டிக் அடித்துக்கொண்டேதான் இருந்தது, ஆனால் வீடியோ முழுசாக முடிந்தது.

திறந்தபோது பார்த்தேன், கேபினெட்டுக்குள் ஒரே தூசி. கூலரின் அலுமினியத் தகடுகளில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. பக்கத்து பஞ்சர் கடையில் காற்றடித்துக்கொள்ளலாமா? ப்ராசஸர் 92 டிகிரி வரை போகிறது.

மன்னை_சர்வீஸ் எழுதியது:

படித்ததும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது. சுர் போனதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம்.

பஞ்சர் கடைக் காற்று வேண்டவே வேண்டாம். கம்ப்ரஸர் டாங்கில் எப்போதும் தண்ணீர் தேங்கியிருக்கும், காற்றோடு அதுவும் எண்ணெயும் சேர்ந்து போர்டில் தெளிக்கும். கையில் பிடிக்கும் மின்சார புளோயர் ஒன்றும், ஒரு அங்குல பெயின்ட் பிரஷ் ஒன்றும் போதும். பிளக்கைக் கழற்றிவிட்டு, கேபினெட்டைத் திண்ணைக்கோ மொட்டைமாடி நிழலுக்கோ கொண்டுபோய் அடியுங்கள். விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு அடிக்க வேண்டும், காற்றில் வெறிபிடித்தாற்போல் சுற்றினால் பேரிங் போய்விடும். எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே சார்ஜ் நிற்கும். வெளியிலிருந்து காற்றடித்தால் போதும்.

அந்த வெள்ளைப் பூப்பு உப்புக்காற்று செய்தது. கேபினெட் கடல்காற்று வரும் ஜன்னலுக்கு நேராக இருந்தால் இடத்தை மாற்றுங்கள். ராமைக் கழற்றி, தங்கநிற முனைகளைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்துப் போடுங்கள். இரண்டு ராம் என்றால் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகள். மழைக்காலத்தில் சிஸ்டத்தை நாள்கணக்கில் மூடி வைக்காதீர்கள். தினமும் கொஞ்ச நேரம் ஓடினால் அந்தச் சூட்டிலேயே ஈரம் காயும். தரையில் வைத்திருந்தால் ஒரு ஸ்டூலில் ஏற்றுங்கள், ஐப்பசி, கார்த்திகையில் உங்கள் ஊரில் தண்ணீர் எப்போது உள்ளே வரும் என்று சொல்ல முடியாது.

92 டிகிரி ஆபத்து இல்லை, ஆனால் குறைக்கலாம். முதலில் தூசியை எடுத்துவிட்டு ஒரு எக்ஸ்போர்ட் போட்டுப் பாருங்கள். அப்போதும் 85-க்குக் கீழே வரவில்லை என்றால் தம்பி சொன்ன மாதிரி பேஸ்ட் மாற்றுங்கள். பழையதை ஆல்கஹாலில் துடைத்துவிட்டு, நடுவில் பட்டாணி அளவு வைத்தால் போதும். கூலர் ஸ்க்ரூக்களை மூலைக்கு மூலை எதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். எவ்வளவு காட்டுகிறது என்று எழுதுங்கள், பார்த்துக்கொள்ளலாம்.